ஓரிக்கை அணிக்கு ஓர் ஆள்

ஓரிக்கை
16 நவம்பர் 2025

அன்புள்ள ஷாரோனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்பதை உன் அம்மாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதிலைக் காணோம். நாள் முழுக்கச் சாமியிடம் பேசுகிறாய், எனக்கு நாலு வரி எழுத முடியவில்லையா? அவரிடமே இதைச் சொல்லிப் புலம்பினேன். "அவ எழுதலன்னா என்னாமா, நீ எழுதிக்கினே இரு. உன் லெட்டரத்தான் திருப்பித் திருப்பிப் படிச்சிக்கினு இருக்கறாளாம்" என்றார். அதை நம்பி எழுதுகிறேன்.

நம் ரக்பிப் பெண்கள் வேலூரில் ஜெயித்துவிட்டார்கள். இறுதி ஆட்டத்தின்போது நல்ல மழை. மழையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற நடுவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நம் முதல் போட்டி உனக்கு நினைவிருக்கிறதா? ஜெர்சிக்கு வழியில்லாமல் வெள்ளை பனியன்களை எடுத்துக்கொண்டு, உன் அம்மா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, அவர் வேலை செய்த சாயப் பட்டறைக்குள் நுழைந்து அரக்குச் சாயத் தொட்டியில் நாமே முக்கி எடுத்தோம். பட்டுக்குப் போடுகிற சாயம் பருத்தியில் நிற்காது என்று காஞ்சிபுரத்துப் பக்கம் பிறந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பாதி ஆட்டத்தில் மழை பிடித்தது. நீ எதிரணிப் பெண்ணைப் பிடித்துக் கீழே சாய்த்தாய், இரண்டு பேரும் செக்கச் செவேலென்று எழுந்தீர்கள். நடுவர் பயந்துபோய் ஆட்டத்தை நிறுத்தி ஆம்புலன்ஸ் எங்கே என்று தேடினார். அந்தப் பெண் "எனக்கு ஒண்ணும் ஆகல சார், இவங்க துணிதான் சாயம் போவுது" என்று சொன்னாளே, அந்த அவமானத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. மணலில் பயிற்சி இல்லை. நான் வேலை பார்க்கிற பள்ளி மைதானத்தில்தான் நடக்கிறது. பிள்ளையார்பாளையத்திலிருந்து வரும் சுகாசினி நன்றாக ஓடுகிறாள். ஆனால் அவள் அப்பா போன மாதம் தறியை விட்டு எழுந்து நேராக என்னிடம் வந்துவிட்டார். "பொண்ணு கை சொரசொரன்னு ஆயிடுச்சுமா. பாவு இழையத் தொட்டா மாட்டிக்குது. நீ இன்னாதான் பண்ற அவங்கள?" என்றார். சண்டைக்கு வந்தவரிடம் என்ன சொல்வது? தினம் தேங்காயெண்ணெயும் சர்க்கரையும் போட்டுத் தேய்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கை பட்டாகிவிட்டது. இப்போது பந்து வழுக்குகிறது.

வீரபத்திரன் வேனில்தான் இன்னும் எல்லா ஊருக்கும் போகிறோம். நான் உனக்கு எழுதுவதைப் பார்த்தால் அவருக்குப் பொறாமை. "கட்டிக்கினவனுக்கு ஒரு நாள் இப்டி எழுதியிருப்பியா" என்கிறார். கூடவே இருக்கிறவருக்கு யாராவது எழுதுவார்களா?

மழை ஈரத்தோடும் மாறாத அன்போடும்,
கலையரசி


மடம், சேலம் மாவட்டம்
18 ஜனவரி 2026

அன்புள்ள கலைக்கு,

திட்டியது போதும். எங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எழுதும் நாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிற நான்கு வாரமும் கடிதம் எழுதவும் கூடாது, வந்ததைப் பிரிக்கவும் கூடாது. அதன்பின் எழுத உட்கார்ந்தால் மடம் முழுக்கச் சளியும் இருமலும். அத்தனை பேருக்கும் கஷாயம் போட்டது நான்தான்.

சாயம்போன பனியன் கதையை இங்கே ஓய்வு நேரத்தில் வாசித்துக் காட்டினேன். எண்பது வயதைத் தாண்டிய ஒரு சிஸ்டர் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். பிறகு, தோளோடு தோள் கோத்து எதிரணியைத் தள்ளுகிற ஸ்க்ரம் எப்படி, காட்டு என்றார். புதிதாக வந்த இரண்டு பெண்களின் தோளைப் பிடித்துக் குனிந்து நின்று காட்டினேன். எதிர்ப்பக்கத்துக்கு ஆள் இல்லாததால் மதர் தானே வந்து நின்றார். தள்ளவில்லை, பயப்படாதே. ஆனால் தோளில் கை பட்டதும் உடம்பு எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பது தெரிந்தது.

ஒன்று கேட்கிறேன். நான் எல்லைக்கோட்டைக் கையால் தொட்ட கதையை இன்னும் உன் பெண்களிடம் சொல்லிச் சிரிக்கிறாயா? சென்னையில், மாநில இறுதி ஆட்டத்தில், எல்லைக்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் என்னைக் கீழே சாய்த்தார்கள். பந்தைக் கோட்டில் கொண்டுபோய்த் தரையில் வைத்தால்தான் பாயிண்ட். நான் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வெறுங்கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டு, பாயிண்ட் வந்துவிட்டது என்று துள்ளினேன். பத்து வருடம் கபடி ஆடிய கை வேறென்ன செய்யும்? அன்றைக்கு நீ என்னைத் திட்டவே இல்லை. பஸ்ஸில் உன் பங்கு பிரியாணியையும் என்னிடம் கொடுத்தாய். அதற்கு நான் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

இனி முக்கியமான செய்தி. ஆகஸ்டில் எனக்கு நித்திய வார்த்தைப்பாடு. இதுவரை கொடுத்த வாக்குகளுக்கு எல்லாம் காலவரை இருந்தது. இது கடைசிவரைக்கும். அதன்பின் இந்தச் சுவரைத் தாண்டி வருவது இல்லை. சரியா இல்லையா என்று நான் இந்தத் தவக்காலத்துக்குள் மதரிடம் சொல்லவேண்டும். யாரும் அவசரப்படுத்தவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. மாடியில் துணி காயப்போடும்போது கீழே பள்ளிப் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்கும். என் கால் தானாக அசையும். இதையும் மதரிடம் சொன்னேன். "கால் அசைஞ்சா தப்பில்லம்மா. எந்தப் பக்கம் அசையுதுன்னு பாரு" என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திருநீற்றுப் புதனன்று தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை எங்களுக்குத் தபால் இல்லை. அதற்கு முன்னால் முடிந்தால் எழுது. அம்மாவைப் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு உனக்கு என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை.

உன் பெண்கள் ஒவ்வொருவருக்காகவும் வேண்டிக்கொள்ளும்,
ஷாரோன்


ஓரிக்கை
13 பிப்ரவரி 2026

அன்புள்ள ஷாரோனுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மாநில சங்கத்திலிருந்து போன் வந்தது. மாநிலப் பெண்கள் அணிக்கு என்னைப் பயிற்சியாளராக வரச் சொல்கிறார்கள். என்னை! எங்கள் ஊரான தாமலில் ஏரி வற்றின காலத்தில் அந்தப் பொட்டலில் கல் பொறுக்கிவிட்டு மைதானம் போட்டவளை. பயிற்சியாளர் சான்றிதழ் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். டீ கொண்டுவர வந்தவள் என்று நினைத்து என்னிடம் சர்க்கரை கம்மியாக ஒன்று கேட்டார் ஒருவர். அப்பா இதைக் கேட்டிருந்தால் தாமல் முழுக்க மிட்டாய் கொடுத்திருப்பார். நிரந்தரம் இல்லாத விளையாட்டு டீச்சர் வேலையில் ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்த வருடம் இருக்கிறோமா இல்லையா என்று பயந்துகொண்டே பள்ளிக்குள் நுழைவேன். அந்தப் பயம் இல்லாமல் ஒரு வேலை, அதுவும் பிடித்த வேலை. போன் வந்ததும் நான் அழுதேன், ஷாரோன். வீரபத்திரன் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தார்.

ஆனால் வருடம் முழுக்க முகாம். சென்னையில்தான் இருக்கவேண்டும். இங்கே அணியை யார் பார்ப்பது? சத்யப்ரியா கெட்டிக்காரிதான், நான் இல்லாத நாளில் பயிற்சி கொடுக்கிறாள், ஆனால் அவளே இன்னும் காலேஜ் படிக்கிறாள், அவள் சொன்னால் எந்த அப்பா பெண்ணை வெளியூர் அனுப்புவார்? இங்கே பெண்களை ரக்பியை நம்பி யாரும் அனுப்புவதில்லை. என் முகத்தை நம்பி அனுப்புகிறார்கள். அதற்கு முன்னால் உன் முகத்தையும் என் முகத்தையும் நம்பி அனுப்பினார்கள். நான் கிளம்பினால் மூன்று மாதத்தில் ஒவ்வொருத்தியாக நின்றுவிடுவாள். சுகாசினி அப்பாவுக்கு அடுத்த நாளே போதும்.

அதனால் நேராகக் கேட்கிறேன். நீ வா. இந்த அணி பாதி உன்னுடையது. ஆகஸ்ட் வரை நீ யாருக்கும் நிரந்தரமாகக் கட்டுப்பட்டவள் இல்லை. உன் கால் எந்தப் பக்கம் அசைகிறது என்று உனக்குத் தெரியவில்லை என்றால் நான் சொல்கிறேன். என்னைவிட அந்தக் காலைப் பார்த்தவர் யார்?

உன் அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த மனுஷிக்கு ஆசை காட்டிவிட்டு நீ வராமல் போனால் என்னால் முகத்தில் விழிக்க முடியாது. மடத்துப் போனிலும் கூப்பிடமாட்டேன், அது சாவுச் செய்திக்கு மட்டும் என்று எனக்குத் தெரியும். நான் மார்ச் இருபதுக்குள் சங்கத்துக்குப் பதில் சொல்லவேண்டும். உன் தவக்காலம் தொடங்குவது மார்ச் ஐந்தாம் தேதிதானே? போன வருடம் நீ எழுதியிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் பதில் போட நாள் நிறைய இருக்கிறது. ஒரு வரி போதும். வருகிறேன் என்று எழுது.

வாசலைப் பார்த்தபடி,
கலை


ஓரிக்கை
1 மார்ச் 2026

ஷாரோனுக்கு,

தபால்காரர் குப்புசாமி என்னைப் பார்த்தாலே இப்போதெல்லாம் தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார். "உனக்கு ஒண்ணும் வர்லமா" என்று எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொல்கிறார்.

யோசிக்கிறாய் என்று முதல் வாரம் நினைத்தேன். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேனோ என்று இரண்டாம் வாரம் நினைத்தேன். வரமாட்டேன் என்றால் அதை எழுது. அதற்காக உன்னோடு பேசாமல் இருந்துவிடுவேனா? நீ மடத்துக்குப் போகிறேன் என்று சொன்னபோது நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டது யார்? நான் தாங்கமாட்டாதவள் இல்லை. ஆனால் ஒன்றுமே சொல்லாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. இன்னும் சில நாள் இருக்கிறது. கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு கார்டாவது போடு.

பெண்கள் உன்னைக் கேட்டார்கள். நலமாக இருக்கிறாள் என்று சொன்னேன்.

காத்திருக்கும்,
கலை


ஓரிக்கை
21 மார்ச் 2026

ஷாரோன் அவர்களுக்கு,

நீ இதை ஈஸ்டருக்குப் பிறகுதான் படிப்பாய். அவசரம் ஒன்றும் இல்லை.

நேற்று சங்கத்துக்குப் போன் செய்து, என்னால் வர இயலாது என்று சொல்லிவிட்டேன். அவர்கள் காரணம் கேட்டார்கள். வீட்டுச் சூழ்நிலை என்றேன். பிறகு மைதானத்துக்குப் போய்ப் பெண்களை ஓடவிட்டேன். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

பதினைந்து நாளுக்கு மேல் உனக்கு இருந்தது. வராததைக் குறை சொல்லவில்லை. பதில் போடுகிற அளவுக்குக்கூட நான் முக்கியம் இல்லை என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். இத்தனை வருடம் தெரியாமல் இருந்ததற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இனி எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன். உன் அம்மாவைப் பார்த்துக்கொள்வேன், அது உனக்காக அல்ல.

இப்படிக்கு,
வீ. கலையரசி


மடம், சேலம் மாவட்டம்
6 ஏப்ரல் 2026, ஈஸ்டர் திங்கள்

என் கலைக்கு,

இன்று காலை மதர் எல்லோருடைய தபால்களையும் பிரித்துக் கொடுத்தார். எனக்கு வந்த கட்டுக்குள் உன்னுடையவை மூன்று இருந்தன. தேதி வரிசையில் படித்தேன். மூன்றாவதை முடித்தபோது என்னால் உட்கார முடியவில்லை. தோட்டத்துக்குப் போய்க் கத்தரிச் செடிகளின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இன்று எழுதும் நாள் இல்லை. மதரே பேனாவைக் கொடுத்து, போய் எழுது என்றார்.

தவக்காலம் ஒவ்வொரு வருடமும் ஒரே நாளில் வருவதில்லை, கலை. ஈஸ்டர் நிலவைப் பார்த்து வருவது. போன வருடம் மார்ச் ஐந்து. இந்த வருடம் பிப்ரவரி பதினெட்டாம் தேதியே திருநீற்றுப் புதன். உன் பிப்ரவரிக் கடிதம் அதற்கு மறுநாள் வந்திருக்கிறது. தபால் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் வழக்கம்போல் கட்டி உள்ளே வைத்துவிட்டார். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. நான்தான் ஜனவரியில் தேதியைப் போட்டு எழுதியிருக்கவேண்டும். எங்களுக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

நீ வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் உன் கடிதம் நான் தினம் கடந்து போகிற அலமாரியில் இருந்திருக்கிறது. நீ மாநில அணியை விட்டுக்கொடுத்த அன்று நான் இங்கே பூசைக்கு அப்பம் சுட்டுக்கொண்டிருந்திருப்பேன். மன்னித்துவிடு என்று எழுதினால் சின்ன வார்த்தையாக இருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று மதரிடம், சரி, இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தவக்காலம் முழுக்கக் காத்திருந்தேன். வெளியே யாருக்காவது நான் தேவைப்படுகிறேனா என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். உன்னிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. உன் கடிதம் இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் நான் கிளம்பி வந்திருப்பேன். பெட்டிகூட எடுத்திருக்கமாட்டேன். இன்றைக்கும், இதைப் படித்துவிட்டு மாடிக்குப் போனபோது, கால் உன் பக்கம்தான் அசைந்தது.

வார்த்தைப்பாடு ஆகஸ்ட் பதினைந்து. அதுவரை மதரிடம் சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நீ இன்னொரு முறை கேட்பாயா என்று தெரியவில்லை. கேட்டால் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். கேட்க உனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

உன் பதிலுக்காக,
ஷாரோன்


ஓரிக்கை
10 மே 2026

அன்புள்ள ஷாரோனுக்கு,

ஒரு மாதமாக எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. கோபம் உன் கடிதத்தைப் படித்த அன்றே போய்விட்டது. வெட்கம்தான் மிச்சம். கிறிஸ்துமஸ் என்றால் டிசம்பர் இருபத்தைந்து, பொங்கல் என்றால் ஜனவரி நடு, அதுபோல இதுவும் ஒரே தேதி என்று நானாக முடிவு செய்துகொண்டேன். சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரில் பிப்ரவரி பதினெட்டுக்கு நேரே சாம்பல் புதன் என்று போட்டிருக்கிறது. தினம் அதில் தேதி பார்த்தவள் நான். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நோம்பு நாள்ல யாருமா லெட்டர் போடுவாங்க? என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

உன் கடிதம் வந்த மறுநாளே 'வா' என்று எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். பிறகு, எழுதுவானேன், நேரிலேயே போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று தோன்றியது. போன சனிக்கிழமை உன் அம்மாவோடு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திருவண்ணாமலை தாண்டியதும் கேட்டார். "நீ அவள பாக்கப் போறியா, கூட்டியாரப் போறியா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மகள் வீட்டுக்கு வருவதுதான் அவருக்கு வேண்டியது என்று எனக்குத் தெரியாதா, ஆனால் அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை.

மடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். பார்வையாளர் மணியை அடிக்கலாம் என்று போனேன். ஜெபம் ஆரம்பித்துவிட்டது, முடியட்டும், கோவிலுக்குள் உட்காருங்கள் என்றாள் தோட்டத்தில் வேலை செய்த பெண். உட்கார்ந்தோம். கம்பி, அதற்குப் பின்னால் திரை. உங்களில் ஒருவரையும் பார்க்க முடியவில்லை. பாட்டு மட்டும் வந்தது. நடுவில் ஒரு குரல் தனியாகப் பாடியது.

உன் அம்மாதான் முதலில் என் கையைப் பிடித்தார். "ஷாரோன்மா" என்றார். நான் நம்பவில்லை. எத்தனை வருடம், எத்தனை பஸ், எத்தனை ஹாஸ்டல் அறை, ஒரு நாளாவது நீ பாடிக் கேட்டிருக்கிறேனா? குளிக்கும்போதுகூட முணுமுணுத்ததில்லை. அந்தக் குரலில் பயம் இல்லை, அவசரம் இல்லை. யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லாத குரல். நான் பயிற்சியாளர், ஷாரோன். ஓர் ஆள் எந்த இடத்தில் நின்றால் முழுசாக விளையாடுவாள் என்று பார்ப்பதுதான் என் வேலை. அதற்குத்தான் மாநில சங்கம் என்னைக் கூப்பிட்டது. உன்னை மட்டும் அந்தக் கண்ணால் நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பக்கத்தில் நிற்கவேண்டியவள் என்றே பார்த்திருக்கிறேன்.

ஜெபம் முடிந்தது. மணி அங்கேயேதான் இருந்தது. உன் அம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போலாமா?" என்றார். வெளியே வந்து மதில் ஓரமாக இரண்டு பேரும் கொஞ்சநேரம் அழுதோம். பிறகு டீ குடித்துவிட்டு பஸ் பிடித்தோம். "பெத்தவ எனக்கே தெரியாதுமா அவ பாடுவான்னு" என்று காஞ்சிபுரம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

மாநில அணிக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். நிறைய இருக்கிறது. இன்னொரு முறை கூப்பிடுவார்களா என்று தெரியாது. ஆனால் கூப்பிட்டால் போவதற்கு இப்போதே ஏற்பாடு செய்கிறேன். ஞாயிறு காலைப் பயிற்சி முழுக்க இனி சத்யப்ரியாவுடையது. நான் மைதான ஓரத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பெண்களின் வீடுகளுக்கும் அவளைத்தான் பேச அனுப்புகிறேன். சுகாசினி அப்பா அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தாராம்.

ஆகஸ்டில் வருகிறேன். வீரபத்திரன் வேனில் உன் அம்மாவையும் பெண்களையும் அழைத்துக்கொண்டு வருவேன். கம்பிக்கு இந்தப் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம். சத்தம் போடக்கூடாது என்று அவர்களிடம் சொல்லிவைக்கிறேன், கேட்பார்களா என்று தெரியவில்லை.

ஒட்டின உறையை இன்று காலை அடுப்பில் போட்டேன். நான் வா என்றால் நீ வந்துவிடுவாய். அதனால் சொல்லமாட்டேன்.

என்றைக்கும் உன்,
கலை